ஊசி போடும் நாளுக்கு முந்தைய பாடம்

அரசுப் பள்ளியின் ஒரு கல்வியாண்டை எடுத்துப் பார்த்தால், கல்வித் துறைக்கு அடுத்தபடியாகப் பள்ளி வாசலுக்கு அடிக்கடி வருவது சுகாதாரத் துறைதான். குடற்புழு நீக்க மாத்திரை, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் தடுப்பூசி, மருத்துவக் குழுவின் உடல் பரிசோதனை, வளரிளம் பெண்களுக்கு நாப்கின், மழைக்காலத்தில் கொசுப்புழு ஆய்வு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பதிவேட்டோடும் ஓர் எண்ணிக்கை அறிக்கையோடும் வருகிறது. எனவே பாடவேளையில் குறுக்கிடும் வேலையாக இவை தோன்றுவது இயல்பே.

ஆனால் இவை குறுக்கீடுகள் அல்ல, கையில் எடுத்துக் கொடுக்கப்பட்ட பாடங்கள். மாத்திரையையும் ஊசியையும் கொண்டுவருவது சுகாதாரத் துறையின் வேலை. அது எதற்கு என்பதைக் குழந்தைக்கும், குழந்தை வழியாக வீட்டுக்கும் புரியவைக்கும் வேலை வகுப்பறையில்தான் நன்றாக நடக்கும். புரிந்து வாங்கிய மாத்திரை வயிற்றுக்குள் போகும். புரியாமல் வாங்கிய மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும்.

6, 7ஆம் வகுப்பு அறிவியலில் உடல்நலமும் சுகாதாரமும் பற்றிய பாடம் உள்ளது. சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடம் உள்ளது. இரண்டையும் இணைத்து, உள்ளூர் சுகாதாரத் துறையையே பாடப்பொருளாகக் கொண்டு, ஐந்து பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு திட்டத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். துறையூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெயர்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

மருத்துவமனை வேறு, பொது சுகாதாரம் வேறு

முதலில் நமக்கே ஒரு தெளிவு வேண்டும். துறையூர் அரசு மருத்துவமனை போன்ற வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ் வருபவை. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கீழ் இயங்குபவை. முன்னது நோய் வந்தவரைக் குணமாக்கப் பார்க்கிறது. பின்னது நோய் வராமல் பார்த்துக்கொள்கிறது. நோய்த்தடுப்புக்கென்று தனி இயக்ககமும் தனிப் பணியாளர் அமைப்பும் நீண்ட காலமாக இருப்பது தமிழ்நாட்டின் சிறப்பு. இந்தியாவில் பொது சுகாதாரத்துக்கென்று முழுமையான சட்டம் முதலில் இயற்றப்பட்டதும் இங்கேதான்: 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், கொசு ஒழிப்பு ஆகியவற்றோடு சந்தைகள், திருவிழாக்கள் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் துறையூர் பெருமாள்மலைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்த மாணவனுக்கு, திருவிழாவுக்கு ஏன் சுகாதார ஏற்பாடு வேண்டும் என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது.

2017 கற்றுத்தந்தது

விளக்கம் முந்தவில்லையென்றால் வதந்தி முந்திவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் நிறைந்தவர் முதல் 15 வயதுக்குட்பட்டவர் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தவணை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி போடும் இடமாகப் பள்ளிகளே அமைந்தன. முகாம் தொடங்கும்போதே இந்த ஊசி ஆபத்தானது என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். ஊசி போடும் நாளில் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அதிகாரிகளும் மருத்துவர்களும் திரும்பத் திரும்ப விளக்கமளிக்க நேர்ந்தது. முகாமின் காலமும் நீட்டிக்கப்பட்டது.

பெற்றோர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். 'ஏற்கெனவே போட்ட குழந்தைக்கு ஏன் மறுபடியும்?' 'கர்ப்பிணிக்கு வரும் பாதிப்பு என்றால் ஆண் பிள்ளைக்கு எதற்கு?' 'ஏன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்?' மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் எளிய விடை உண்டு. முதல் தவணையில் எதிர்ப்பாற்றல் உண்டாகாத சிலர் எப்போதும் இருப்பார்கள். கூடுதல் தவணை அவர்களையும் காக்கும். ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் குறைபாடு வரலாம். அந்தக் கிருமி அவரிடம் வந்து சேருவது வீட்டிலுள்ள தம்பியிடமிருந்தும் இருக்கலாம். தட்டம்மையோ, பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடியது. அதன் பரவலைத் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். 40 பேர் கொண்ட வகுப்பில் அது 38 பேர். மூன்று பெற்றோர் தயங்கினாலே கணக்கு இடறிவிடும்.

இந்த விடைகளை ஊசி போடும் நாளன்று வரிசையில் நிற்கும் குழந்தையிடம் சொல்ல முடியாது. ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்ல முடியும். அன்று மாலையே அது வீட்டுக்குப் போய்ச் சேரும்.

முதல் பாடவேளை: நம் ஊரின் சுகாதார வரைபடம்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது பொதுவான அளவுகோல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது முறையே 30,000, 20,000. தமிழ்நாட்டில் 8,700க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. மலைக்கு ஏன் வேறு கணக்கு? இந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பச்சைமலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு செவிலியர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த குடியிருப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று மலையூர் மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் சமமாகப் பிரிப்பதும் நியாயமாகப் பிரிப்பதும் ஒன்றல்ல என்பது அங்கேயே விளங்கிவிடும்.

பிறகு மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து தங்கள் தெரு, துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்து வரைபடம் வரையட்டும். பக்கத்திலேயே யார் எந்த வேலை செய்கிறார் என்று எழுதட்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனிப்பவர் கிராம சுகாதார செவிலியர். தொற்றுநோய், குடிநீர், கொசு ஆகியவற்றைப் பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். நகராட்சிப் பகுதியில் துப்புரவும் கொசு ஒழிப்பும் நகராட்சியின் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை தரப்படுகிறது. தாத்தா பாட்டிக்கு அப்படிக் கிடைக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லலாம். 108, 104 ஆகிய எண்களின் வேறுபாட்டையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதவையுங்கள். 108 அவசர ஊர்திக்கு. 104 மருத்துவ ஆலோசனைக்கு.

தொடக்க வகுப்புகளுக்கு வரைபடம் வேண்டாம். 'நம் ஊர் நர்ஸ் அக்கா என்ன செய்கிறார்?' என்று நடித்துக் காட்டச் சொன்னாலே போதும்.

இரண்டாம் பாடவேளை: இரண்டு மாத்திரைகளின் உறவு

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் தூங்கி வழியும் பெண்ணையும், விளையாட்டு வேளையில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும் பெண்ணையும் இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 வயது கடந்த பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். அது குறைந்தால் உடலுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது, கவனம் சிதறுகிறது. சோம்பேறி என்று பெயர் வாங்கும் குழந்தை நோயாளியாகவும் இருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் தனித்தனித் திட்டங்களாக வந்தாலும், கதை ஒன்றுதான். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணில் வாழ்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. புழுவை நீக்காமல் இரும்புச்சத்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. கழிப்பறை, காலணி, கைகழுவுதல் ஆகிய மூன்றும் அந்த ஓட்டையை அடைப்பவை. அரசு வழங்கும் விலையில்லாக் காலணியும் இந்தப் பாடத்துக்கு ஒரு கற்பித்தல் கருவிதான்.

மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை நன்றாக மென்று விழுங்க வேண்டும். புழு அதிகமுள்ள குழந்தைக்கு லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். சற்று நேரத்தில் சரியாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போகலாம், பயப்பட வேண்டாம். மாத்திரையோடு தேநீர் கூடாது, ஏனெனில் அது இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் உறிஞ்ச உதவும். மலம் கறுக்கும் என்ற ஒரு செய்தியை முன்பே சொல்லாததால் மாத்திரையை நிறுத்திவிடும் குழந்தைகள் உண்டு.

சத்துணவையும் இங்கே இணைக்கலாம். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது எங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். மதிய உணவுக்குப் பின் மாத்திரை என்ற வழக்கம் எளிதாக நடப்பதற்குக் காரணம் அந்தத் தட்டு முன்பே நிரம்பியிருப்பதுதான்.

மூன்றாம் பாடவேளை: கொசுவும் சதவீதமும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதாவது பள்ளி நேரத்தில் கடிக்கும். துறையூரில் பெரிய ஏரி இருப்பதால்தான் டெங்கு வருகிறது என்று மாணவர்கள் சொல்லக்கூடும். இது திருத்த வேண்டிய கருத்து. ஏடிஸ் விரும்புவது வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரை: தண்ணீர்த் தொட்டி, குடம், பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். முட்டைகள் பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

சுகாதார ஆய்வாளர் பயன்படுத்தும் குறியீடுகள் கணக்குப் பாடத்துக்கு ஏற்றவை. ஒரு தெருவில் 20 வீடுகளை ஆய்வு செய்து 3 வீடுகளில் கொசுப்புழு கண்டால், வீட்டுக் குறியீடு 3/20 × 100 = 15. அந்த வீடுகளில் மொத்தம் 5 பாத்திரங்களில் புழு இருந்தால், 100 வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்கள் என்ற குறியீடு 25. இரண்டு குறியீடும் ஏன் தேவை என்று கேளுங்கள். 'ஒரே வீட்டுல நாலு தொட்டி இருந்தா, முதல் கணக்குல ஒண்ணுதான் சார் வரும்' என்று ஒரு மாணவராவது கண்டுபிடித்துச் சொல்வார். முதலில் பள்ளி வளாகத்தில் ஆய்வை நடத்துங்கள். பிறகு தங்கள் வீட்டில் மட்டும் நடத்தட்டும். பிறர் வீட்டுக்கு மாணவர்களை அனுப்ப வேண்டாம்.

நான்காம் பாடவேளை: நான்கு கிராமின் வேலை

மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறையில் உள்ள அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தூளை நேரடியாகக் கொட்டாமல், வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். நல்ல பவுடரில் 33 விழுக்காடு குளோரின் இருக்கும். அப்படியானால் 4 கிராமில் 1.32 கிராம், அதாவது லிட்டருக்கு 1.32 மில்லிகிராம். தெருக்கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மீதி எங்கே போயிற்று? கிருமிகளோடும் அழுக்கோடும் வினைபுரிந்து செலவாகிவிட்டது. கடைசிக் குழாயில் குளோரின் மிஞ்சியிருந்தால்தான் வழியிலுள்ள எல்லா வீட்டுக்கும் பாதுகாப்பு. தண்ணீரில் மருந்து வாடை வருகிறது என்று முகம் சுளிக்கும் வீட்டில், அந்த வாடை எதற்கு என்று மாணவர் விளக்கட்டும்.

குளோரின் அளவைக் காட்டும் சிறு சோதனைப் பெட்டி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். ஒரு நாள் பள்ளிக் குழாய் நீரை மாணவர்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டும்படி தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்கலாம்.

ஐந்தாம் பாடவேளை: வருகைப் பதிவேடு ஒரு கருவி

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியாகக் குறித்தார். புள்ளிகள் பிராட் தெருவின் ஓர் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்தன. அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமி பற்றிப் பரவலாகத் தெரியவரும் முன்பே, 'எங்கே, எப்போது, எத்தனை பேர்' என்ற மூன்று கேள்விகளால் காரணத்தை நெருங்க முடிந்தது.

அந்த மூன்று கேள்விகளுக்கும் தினமும் காலையில் விடை எழுதுபவர் வகுப்பாசிரியர். காய்ச்சல் கண்ட குழந்தை மருத்துவமனைக்குப் போகுமுன்பே பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறது. நான்கு வாரங்களுக்கு விடுப்பின் காரணத்தையும் தெருவையும் தனித்தாளில் குறித்து, முதல் பாடவேளையில் வரைந்த வரைபடத்தில் பெயரில்லாமல் புள்ளி வைக்கச் செய்யுங்கள். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு அல்லது மஞ்சள்காமாலை என்றால் சுகாதார ஆய்வாளருக்குத் தலைமை ஆசிரியர் மூலம் தெரிவிப்பது என்று பள்ளி அளவில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பல நாட்களில் அது சாதாரணச் சளியாகவே முடியும். ஒருநாள் உடைந்த குடிநீர்க் குழாயாக இருந்துவிட்டால், அந்தத் தெரு முழுவதும் தப்பும்.

கவனிக்க வேண்டியவை

உயரம், எடை, ஹீமோகுளோபின் அளவுகளை வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாது. கணக்குப் பயிற்சிக்குக் கற்பனை எண்கள் போதும். நாப்கின் வழங்குவதைப் பெண் ஆசிரியர் பொறுப்பில் தனியாக நடத்துவது நல்லது. காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள குழந்தைக்கு அன்று மாத்திரை கொடுக்காமல், விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்கச் செய்யலாம். தயங்கும் பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு கிராம சுகாதார செவிலியரை அழைத்து, அவர்கள் கேள்விகளை அவரிடமே கேட்கவிடுங்கள்.

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கான தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு 2013 முதல் பள்ளிகளுக்கு வருகிறது. பார்வைக் குறைபாடு, காது கேளாமை, இதயக் குறைபாடு போன்றவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைப்பது அதன் பணி. ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே அவர்களுக்குக் கிடைக்கும். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்ப்பவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவர், இரண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சிரைப்பவர் யாரென்று ஆண்டு முழுவதும் பார்க்கும் நமக்குத் தெரியும். குழு வருமுன் அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். பரிந்துரைச் சீட்டு பெற்ற குழந்தை உண்மையிலேயே மருத்துவமனைக்குப் போனதா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கு அழைத்துப் போக முடியாத பெற்றோர் சீட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேவை அறிவுரை அல்ல. எந்த நாளில், எந்த இடத்தில், யாரைப் பார்ப்பது என்ற தகவலும், செவிலியரிடம் சொல்லிச் செய்துகொடுக்கும் ஏற்பாடுமே.

அடுத்த தடுப்பூசி நாளின் தேதியைத் துணை சுகாதார நிலையத்தில் இப்போதே கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் பாடக்குறிப்பில் ஒரு பாடவேளையை ஒதுக்கி வையுங்கள். ஐந்தையும் ஒரே பருவத்தில் நடத்த நேரமில்லையென்றாலும், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.